குழாய்க்குப் பின்னால் ஒரு மூலை

எங்கள் சமையற்கூடத்தின் பின்புறத்தில், பாத்திரம் கழுவும் பகுதிக்கு வெளியே, தரையோடு தரையாக இரும்பு மூடியிட்ட தொட்டி ஒன்று உண்டு. பக்கத்துத் தொழிற்சாலையின் இரண்டாயிரம் தொழிலாளர்கள் உண்ட தட்டுகளைக் கழுவிய நீர் முழுவதும் முதலில் அத்தொட்டிக்குள் சென்றே தேங்கும். நீர் அடியிலுள்ள குழாய் வழியாக வெளியேறிவிடும். எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதந்து, பாலின்மேல் படியும் ஆடைபோலப் படியும். ஒரு வாரத்தில் அந்த ஆடை ஒரு சாண் கனத்துக்கு வளர்ந்துவிடும். அதன் நிறம் சாம்பலும் மஞ்சளும் கலந்தது. அதனுள் நீண்ட கரண்டியை இறக்கினால் முதலில் ஒன்றும் நேராது. பிறகு அது வாய் திறப்பதுபோலப் பிளந்து, ஒரு வாரமாக அடைபட்டிருந்த நாற்றத்தை நம் முகத்தின்மீது விடும். அழுகிய முட்டையின் நாற்றம் என்று சிலர் கூறுவர். அவர்கள் அழுகிய முட்டையை மட்டுமே அறிந்தவர்கள்.

வாரம் ஒருமுறை இத்தொட்டியை அள்ளிச் சுத்தம் செய்தாக வேண்டும். அது இன்னாருடைய வேலை என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. "பின்கட்டு ஆளுங்க பாத்துக்கங்க" என்று மேலாளர் ஒருமுறை மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார், அதுவே சட்டமாயிற்று. பின்கட்டு ஆட்கள் நாங்கள் நால்வர். பெரிய பாத்திரங்களைத் தேய்ப்பவனை, அவனுடைய உடலமைப்பை முன்னிட்டு, அண்டா என்போம். காய்கறி நறுக்கும் அம்மையாரை மேலாளர் உட்பட எல்லோரும் சித்தி என்போம். தட்டுக் கழுவும் இயந்திரத்தின் முன்னால் நிற்பவன் நான்; நீராவியில் எந்நேரமும் மங்கிய மூக்குக் கண்ணாடியோடு நிற்பதால் என் பெயர் கண்ணாடி. நான்காமவர் என் தங்கையின் கணவர். நான் அவரை மாப்பிள்ளை என்று அழைக்கப்போய், சமையற்கூடமே அவரை மாப்பிள்ளை என்று அழைக்கத் தொடங்கிவிட்டது.

தொட்டியை அள்ளுபவர் யார் என்பதை நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் மதியம் மூன்று மணிக்கு, உடைமாற்றும் அறையில் உள்ள சிறிய தொலைக்காட்சியில், சண்டையிட்டுத் தீர்மானித்தோம்.

வீடியோ விளையாட்டுப் பெட்டி அண்டாவினுடையது. நான்கு பேர் ஒரே நேரத்தில் ஆடலாம். ஒவ்வொருவருக்கும் ஒரு பொம்மை வீரன், மூன்று உயிர். அடித்தும் உதைத்தும் பிறரை மேடையிலிருந்து வெளியே எறிய வேண்டும். மூன்று உயிரையும் முதலில் இழப்பவர் வாளியை எடுக்க வேண்டும். அவ்விளையாட்டில் பன்னிரண்டு களங்கள் உண்டு. பதினொன்று நேர்மையானவை: சிறிய மேடை, தெளிவான தரை, திறமையுள்ளவன் வெல்வான். திறமையுள்ளவன் அண்டா ஒருவனே ஆகையால், சித்தி ஒருநாள் தம் ஆட்ட ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"இப்படியே போனா நீ ஜென்மத்துக்கும் தொட்டிப் பக்கம் வரமாட்டடா. எல்லாரையும் ஒண்ணுபோல அடிக்கிற இடம் இருந்தா போடு. இல்லாட்டி நான் ஆட வரல."

"அப்படி ஒண்ணு இருக்கு சித்தி. ஆனா கண்றாவியா இருக்கும்."

"நம்ம தொட்டியவிடவா?"

அண்டா பன்னிரண்டாவது களத்தைத் திறந்தான். அன்று முதல் நாங்கள் வேறு களத்தில் ஆடியதில்லை.

அக்களத்தின் பெயர் ஆலை. ஐந்து மாடி உயரமும் ஒரு தெருவின் அகலமும் உடையது. மேல்மாடியில் தோலுரித்த உடல்கள் தொங்கும் கொக்கிகள் ஓயாமல் நகரும். கொக்கி நம்மையும் கோத்துக்கொண்டு போகும். அதற்குக் கீழே, மணி இருமுறை அடித்ததும் விழுந்து நசுக்கும் இரும்புப் பாளம். அதற்கும் கீழே எலும்புகளை ஏற்றிச் செல்லும் இயந்திரப் பட்டை. சுவர்களில் நினைத்தபோது பீறிடும் கொதிநீர்க் குழாய்கள். அடித்தளத்தில் பச்சை நிறச் சாக்கடை ஒன்று குமிழியிட்டு ஓடும். அதிலிருந்து அவ்வப்போது பற்களையுடைய வாய் ஒன்று எழுந்து, அகப்பட்டவரை விழுங்கி, ஏப்பம் விடும். அந்த ஏப்பத்துக்கென்றே தனியாக ஓர் ஒலியைச் செய்து வைத்திருந்தார்கள். இதை உருவாக்கியவர்கள் தம் வாழ்நாளில் ஒரு சாக்கடையைக்கூடக் கையால் தொட்டிராதவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. தொட்டவன் எவனும் அதை வேடிக்கைக்காக மறுபடியும் வரைய மாட்டான்.

களம் மிகப் பெரியது ஆகையால், வீரர்கள் ஆளுக்கொரு மூலைக்குச் சிதறினால் காட்சி பின்வாங்கிக்கொண்டே போகும். இறுதியில் நாங்கள் நால்வரும் நான்கு எறும்புகளாகிவிடுவோம். எங்கள் தொலைக்காட்சியோ ஒரு தட்டத்தின் அளவே உள்ளது. போதாக்குறைக்கு, ஒரு கரப்பான் பூச்சியை நோக்கி அண்டா எறிந்த கரண்டி திரையின் இடது கீழ்மூலையில் பட்டு, அவ்விடத்தில் நாணயம் அளவுக்குக் கருங்கறை ஒன்றை உண்டாக்கியிருந்தது. பூச்சி தப்பிவிட்டது.

நான் ஆடத் தெரியாதவன். இதை மறைப்பதில் பயனில்லை. சென்ற ஆண்டு முழுவதும் பத்து வெள்ளிக்கு ஏழு வெள்ளி நானே தொட்டியில் இறங்கினேன். நகக்கண்களில் கொழுப்பு புகுந்து, எத்தனை முறை தேய்த்தாலும் விரல்கள் வழுவழுத்தன. உணவை வாயருகே கொண்டுசெல்லும்போது என் கையே எனக்கு முன்னால் நாறியது. ஒருநாள் பேருந்தில் என் அருகே அமர்ந்திருந்த குழந்தை தன் தாயின் காதில் ஏதோ சொல்லிற்று. தாய் எழுந்து வேறு இருக்கைக்குச் சென்றாள். குழந்தை சொன்னது என்னவென்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை.

அந்நிலையில்தான் ஒரு வெள்ளிக்கிழமை, அண்டா உதைத்த உதையில் என் வீரன் உருண்டு, களத்தின் இடது அடிமூலையில், தடித்த குழாய் ஒன்றின் பின்னால் போய் விழுந்தான். கறையின் அடியில் கிடந்ததால் அவன் என் கண்ணுக்கே தெரியவில்லை. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று அறியாமல் நான் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன். பாளம் விழுந்தது, கொக்கிகள் நகர்ந்தன, வாய் எழுந்து ஏப்பம் விட்டது. எதுவும் என்னைத் தொடவில்லை. அவ்வளவு பெரிய ஆலையில், எந்த ஆபத்தும் எட்டாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. ஒருவன் மட்டுமே நிற்கக்கூடிய இடம். அது கறையின் பின்னால் இருந்தது. அன்று முதலில் தோற்றவர் எங்களோடு அப்போது வேலைசெய்த வேறொருவர். எலி வளையானாலும் தனி வளை என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

அன்று தொடங்கி ஆறு வாரம் அவரே தோற்றார். ஏழாவது வாரம் வேலையை விட்டு நின்றுவிட்டார். அவருடைய இடத்துக்கு ஆள் தேவை என்று மேலாளர் கூறியபோது, வேலையில்லாமல் இருந்த மாப்பிள்ளையை நான் கைபிடித்து அழைத்து வந்தேன். என் தங்கை என் இரு கைகளையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அக்கைகள் அப்போது சோப்பு மணம் வீசின.

மாப்பிள்ளை வந்தபின் ஐந்து வெள்ளிக்கிழமைகள் கழிந்தன. ஐந்திலும் அவரே முதலில் தோற்றார். ஐந்தாவது வாரம் அண்டா வாளியை அவர் முன்னால் கொண்டுவந்து வைத்து, கும்பிட்டு நின்றான்.

"இந்தாங்க மாப்ள, உங்க சீர்வரிசை. மாமனார் வீட்ல குடுக்காததை நாங்க குடுக்கறோம்."

"போடா, பாவம்," என்றார் சித்தி. "வீட்ல மாசமா இருக்கறவ, நாத்தம் தாங்குவாளா? ஏன்யா, வெள்ளிக்கிழமைன்னா உன்னைப் பக்கத்துல சேக்கறாளா இல்லையா?"

"வெள்ளிக்கிழமை மட்டுமா? திங்கள் வரைக்கும் ஹால்லதான் சித்தி படுக்கை."

"அப்ப செவ்வாய்லருந்து வியாழன் வரைக்கும்தான் குடும்பம் நடத்தறீங்க," என்றான் அண்டா. "அரசாங்க ஆபீஸே தேவலாம்."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மாப்பிள்ளையும் சிரித்தவாறே கையுறைக்குள் விரல்களை நுழைத்தார். பாதி நுழைந்ததும் முகம் சுளித்தார். அவருடைய விரலிடுக்குகளில் தோல் வெடித்துச் சிவந்திருந்தது.

நான் என் தங்கையின் வீட்டிலேயே முன்னறையில் வசிக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் அவ்வீடு எவ்வாறு இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வாசலுக்கு வெளியே உள்ள குழாயடியில் நின்று உடைகளைக் களைந்து, மூடியுள்ள வாளியில் போடுவார். மூன்று முறை குளிப்பார். நான்காம் முறை தலையை மட்டும் தேய்ப்பார். அதன் பிறகும் அவர் கூடத்துக்குள் நுழைந்தவுடன் என் தங்கை எலுமிச்சையின் பாதியை மூக்கில் அழுத்திக்கொண்டு எழுந்து உள்ளே போவாள்; கழிவறைக் கதவு சாத்தப்படும்; பின்னர் நாங்கள் இருவரும் கேட்க விரும்பாத ஒலி கேட்கும். அவளுக்கு அது ஐந்தாம் மாதம். மாப்பிள்ளை கதவுக்கு இப்பால் நின்று, உதவவும் இயலாமல் விலகவும் இயலாமல், தம் கைகளை முகர்ந்து பார்ப்பார்.

அன்று இரவு உணவின்போது அவர் சொன்னார்:

"மச்சான், இன்னொரு வெள்ளிக்கிழமை என் தலையில விழுந்துச்சுன்னா, சனிக்கிழமை நான் வேலைக்குப் போகமாட்டேன். வேற எங்கயாவது மூட்டை தூக்கறேன்."

"குழந்தை வர்ற நேரத்துலயா?" என்றாள் தங்கை, கதவருகே நின்றபடி. "அண்ணா, நீதானே அவரை அங்க சேத்துவிட்ட? கண்ணு முன்னாடி வாராவாரம் அவர் தலையிலயே கட்டறாங்க, நீ பாத்துட்டு நிக்கற."

"யாரும் கட்டலம்மா. ஆட்டத்துல தோக்கறாரு."

"அஞ்சு வாரமுமா?"

"பழக்கம் பத்தல."

"அப்ப பழக்கிவிடேன். உனக்கு வராததா? நீ இப்பல்லாம் தோக்கறதே இல்லையாமே."

நான் சோற்றைப் பிசைந்தேன். "கழுவற மீன்ல நழுவற மீனும்மா உங்க அண்ணன்," என்று மாப்பிள்ளை பெருமையோடு சொன்னார். கையில் இருந்ததை நான் விழுங்கினேன். 

ஞாயிற்றுக்கிழமை அண்டாவிடம் கேட்டு விளையாட்டுப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கூடத்தில், தங்கையின் திருமணத்துக்கு நான் வாங்கித் தந்த பெரிய தொலைக்காட்சியில் பொருத்தினோம். ஆலை அதில் சுவர் முழுவதும் விரிந்தது. சமையற்கூடத்தில் வெறும் புள்ளிகளாகத் தெரிந்தவை யாவும் இங்கே தெளிவாகத் தெரிந்தன: கொக்கியில் தொங்கிய உடல்களிலிருந்து சொட்டுவது, சாக்கடையில் மிதப்பது, வாயின் ஈறுகளில் ஒட்டியிருப்பது.

"ச்சீ, இதையா உக்காந்து பாக்கறீங்க?" என்றாள் தங்கை. ஆயினும் நாற்காலியை இழுத்துப்போட்டு, எலுமிச்சையோடு அமர்ந்தாள்.

நான் நன்றாகவே சொல்லிக்கொடுத்தேன். மணி இருமுறை அடித்தால் பட்டைக்குத் தாவ வேண்டும் என்பதையும், குழாய் வெள்ளையாகப் புகைந்தால் அடுத்த நொடி கொதிநீர் வரும் என்பதையும், வாய் எழுமுன் மூன்று குமிழிகள் தோன்றும் என்பதையும் காட்டினேன். மாப்பிள்ளை வெடித்த விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி ஆடினார். அறிந்தவை அனைத்தையும் கற்பித்தேன், ஒன்றைத் தவிர.

"சரி மச்சான், ஒரு முழு ஆட்டம் ஆடிப் பாக்கலாம். நீங்க உண்மையாவே ஆடணும்."

ஆடத் தொடங்கினோம். அவர் கொக்கிகளுக்கு இடையே தாவுவதை நான் கவனித்துக்கொண்டும், "குனிங்க, குனிங்க, இப்ப குதிங்க" என்று சொல்லிக்கொண்டும் இருந்தேன். என் கவனம் முழுவதும் அவருடைய வீரன்மேல் இருந்தது. என் வீரனைக் கைகளிடம் ஒப்படைத்திருந்தேன். கைகள் மூன்று மாதமாகத் தமக்குப் பழக்கமானதைச் செய்தன.

"அண்ணா," என்றாள் தங்கை. "உன் ஆளு ஏன் அந்தக் குழாய்க்குப் பின்னாடி ஒளிஞ்சுட்டு நிக்கறான்?"

பெரிய திரையின் இடது கீழ்மூலையில் கறை எதுவும் இல்லை. என் வீரன் சுவரில் முதுகை ஒட்டி, கைகளைத் தொங்கவிட்டு, கண் சிமிட்டிக்கொண்டு நின்றான்.

"ஒளியலம்மா. விழுந்துட்டான்."

"அப்பத்திலருந்து அங்கயேதான் நிக்கறான். அவன்மேல ஒண்ணுமே படல."

மாப்பிள்ளை பாளத்துக்குத் தப்பும் முயற்சியில் இருந்ததால் எதையும் கேட்கவில்லை. நான் அவசரமாக வீரனை வெளியே இழுத்தேன். இழுத்த வேகத்தில் அவன் சாக்கடைக்குள் விழுந்தான். வாய் எழுந்தது. ஏப்பம் அக்கூடத்தில் மிகப் பெரிதாக ஒலித்தது.

"உங்க வேலை இடத்து டிவில ஒரு கறை இருக்குன்னு இவர் சொல்லுவாரே," என்றாள் தங்கை, மெதுவாக. "அது எந்தப் பக்கம்?"

"கவனிச்சதில்லம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். மூடியுள்ள வாளியைத் திறக்கும்போது அவள் முகத்தில் தோன்றும் அதே சுளிப்பு தோன்றியது. பிறகு அவள் எலுமிச்சையை மூக்கருகே கொண்டுபோனாள். அன்று என் தட்டை வைத்துவிட்டு, "சாப்பிடு" என்று சொல்லாமல் போய்விட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயன்றவனுக்கு அச்சோறு எவ்வாறு இறங்கும்?

வெள்ளிக்கிழமை வந்தது. அந்த மூலைக்குப் போவதில்லை என்று நான் உறுதி செய்திருந்தேன். இவ்வுறுதியைக் காலையில் பேருந்தில் ஒருமுறையும், தட்டுகளைக் கழுவும்போது பலமுறையும் எனக்குள் கூறிக்கொண்டேன். மூன்று மணிக்கு நால்வரும் மரப்பலகையில் நெருக்கியடித்து அமர்ந்தோம்.

"மாப்ள வீட்ல கோச்சிங் கிளாஸ் போனாராம்," என்றான் அண்டா. "யாருகிட்ட? நம்ம கண்ணாடிகிட்ட! குருடனுக்குக் குருடன் கோல் பிடிச்ச கதை."

"அவன் குருடனா? மூணு மாசமா தொட்டி வாடையே அவன்மேல இல்ல," என்றார் சித்தி. "நீ ஆட்டத்தைப் பாருடா."

 மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை.

உண்மையாகவே ஆடினேன். அதன் பயன், சிறிது நேரத்துக்குள் இரண்டு உயிர்களை இழந்தேன். மாப்பிள்ளையும் இரண்டை இழந்திருந்தார். சித்திக்கும் அண்டாவுக்கும் இரண்டிரண்டு மிச்சம். ஆகவே அடுத்து விழுவது நானா அவரா என்பதே கேள்வி. அச்சமயம் பின்கதவு திறந்திருந்தது. காற்று திசை மாறி, மூடியின் இடுக்கிலிருந்து அந்த வாடையை அறைக்குள் கொண்டுவந்தது. என் நாக்கின் அடியில் உமிழ்நீர் ஊறிற்று. குமட்டலுக்கு முன் ஊறும் உமிழ்நீர். நகக்கண்கள் வழுவழுத்தன. பேருந்தில் எழுந்துபோன தாயின் முதுகு தெரிந்தது. நான் ஓடினேன். பட்டையிலிருந்து குதித்து, சாக்கடையைத் தாண்டி, கறைக்குள் புகுந்தேன்.

அங்கே யாரோ நின்றுகொண்டிருந்தார்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கறை எல்லாவற்றையும் மறைத்திருந்தது. ஆயினும் ஒருவர்மேல் ஒருவர் மோதினால் ரிமோட் கைக்குள் அதிரும். அது அதிர்ந்தது. அண்டாவின் வீரன் உச்சிமாடியில் தெரிந்தான். சித்தியின் வீரன் பட்டையின்மேல் தெரிந்தான். எஞ்சியவர் ஒருவரே. என் பெருவிரலின் கீழே இரண்டு பொத்தான்கள் இருந்தன: ஒன்று திரும்பி ஓட, மற்றொன்று பிடித்து எறிய.

கை என்னைக் கேளாமல் செய்துவிட்டது என்று எழுதவே எனக்கு விருப்பம். ஆனால் கை என்னைக் கேட்டது. நான் சரி என்றேன்.

கறையிலிருந்து ஒரு சிறு எறும்பு வெளியே பறந்தது. மூன்று குமிழிகள் முன்பே தோன்றியிருந்தன. வாய் எழுந்தது, மூடியது, ஏப்பம் விட்டது.

"அட, மாப்ள எங்கருந்துடா வந்து விழறாரு? ஆகாசத்துலருந்தா?" என்று அண்டா தொடையில் தட்டிச் சிரித்தான். "ஆறு வாரம்! இதுக்கு ஒரு கப் அடிச்சுக் குடுக்கணும்."

மாப்பிள்ளை ரிமோட்டைப் பலகையில் வைத்தார். எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த கையுறைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"மாப்ளே, இன்னைக்கு நான் அள்ளறேன். நீங்க உள்ள போய் உக்காருங்க."

"வேணாம். உன் மூஞ்சியைப் பாத்துட்டு உள்ள உக்காந்திருக்கறதுக்கு, இது மேல்."

திருமணமான நாள் முதல் என்னை 'நீங்க' என்றே அழைத்தவர் அவர்.

மூடியைத் தூக்க இருவர் வேண்டும். வழக்கமாக அண்டா வந்து ஒரு பக்கம் பிடிப்பான். அன்று நான் பிடித்தேன். அவர் மறுக்கவில்லை, தனியாகத் தூக்க இயலாது என்ற ஒரே காரணத்தால். மூடி விலகியது. மூன்று மாதமாக நான் இவ்வளவு அருகில் வந்ததில்லை. நடுவில் ஒரு வெந்த இலை ஒட்டியிருந்தது; அதன்மேல் ஏதோ சிறியவை நெளிந்தன. அவர் கரண்டியை இறக்கினார். ஆடை பிளந்தது. நான் இரண்டடி தள்ளி, சுவரைப் பிடித்துக்கொண்டு, காலையில் உண்டது முதல் அனைத்தையும் வாந்தியெடுத்தேன்.

"அதையும் நீதான் அள்ளணும்," என்றார் அவர், திரும்பிப் பாராமல்.

"தங்கச்சி சொன்னாளா?"

"ஞாயித்துக்கிழமையே சொன்னா. நான் நம்பல. உங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு அவளோட சண்டை போட்டேன்." ஒரு கரண்டியை வாளியில் கவிழ்த்தார், அது தண்ணீர்போல விழாமல், தொப்பென்று ஓர் உடல்போல விழுந்தது. "அதைப் பாக்கத்தான் இன்னைக்கு அங்க போய் நின்னேன். நீ வரமாட்டன்னு நெனச்சேன். வந்தாலும், நான்னு தெரிஞ்சா திரும்பிப் போயிடுவன்னு நெனச்சேன்."

"கறை மறைச்சுது. யாருன்னு..."

"ரிமோட்டு எனக்கும்தான் அதிர்ந்துச்சு."

  இன்னொரு கரண்டி அங்கே கிடந்தது, எடுத்தேன். அவர் தம் வாளியை ஓர் அடி நகர்த்திக்கொண்டார். இருவரும் அள்ளினோம். கையுறை ஒரு சோடிதான் இருந்தது. அது அவரிடம் இருந்தது.

அள்ளி முடித்தபின், அதே கையோடு உடைமாற்றும் அறைக்குச் சென்று, அண்டாவிடமும் சித்தியிடமும் அனைத்தையும் கூறினேன். வேலையை விட்டு நின்ற மனிதருடைய ஆறு வாரத்தையும், மாப்பிள்ளையினுடைய ஆறு வாரத்தையும், ஒன்று விடாமல் கூறினேன். அடுத்த பன்னிரண்டு வாரங்களும் தொட்டி என்னுடையது என்றும் கூறினேன்.

"அடப்பாவி," என்றார் சித்தி. "சொந்தத் தங்கச்சி புருஷன்டா. ச்சீ! தள்ளி நில்லு, சொட்டுது."

அண்டா என்னைத் திட்டவில்லை. அவன் திரையருகே குனிந்து, கறையின்மேல் விரல் வைத்துப் பார்த்தான்.

"எந்தக் குழாய்? இதா, அதுக்கு அடுத்ததா?" என்று கேட்டான்.

அன்று மாலை நான்கு முறை குளித்தேன். தங்கை எனக்குக் கதவுக்கு வெளியே தட்டு வைத்தாள். அது நாற்றத்துக்காகவா என்று நான் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை மாப்பிள்ளை என்னோடு பேசாமல், என் பேருந்திலேயே, இரண்டு இருக்கை முன்னால் அமர்ந்து வேலைக்கு வந்தார். அன்றிரவு அவர் கூடத்தில் படுக்கவில்லை. கூடத்தில் நான் படுத்தேன். முன்னறையின் காற்று உள்ளறைக்குப் போகிறது என்று தங்கை சொல்லியனுப்பியிருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொட்டிக்கு ஆள் முன்பே முடிவாகியிருந்தும், அவர்கள் மூவரும் ஆடினார்கள். "சும்மாதான், பழக்கம் விட்டுடக்கூடாதில்ல," என்றார் சித்தி. நான் கையுறைகளை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று பார்த்தேன். ஆட்டம் தொடங்கும் மணி ஒலித்ததும் மூன்று எறும்புகளும் ஒரே திசையில் ஓடின. ஐந்து மாடியும் காலியாயிற்று. கொக்கிகள் எவரையும் கோக்காமல் நகர்ந்தன. பாளம் வெறும் தரையை நசுக்கியது. கொதிநீர் வீணே பீறிட்டது. மூவரும் கறைக்குள் நுழைந்து, ஒருவரையொருவர் பிடித்துத் தள்ளினார்கள். மூன்று ரிமோட்டுகளும் அதிரும் ஒலி எனக்குக் கேட்டது.

"ஏய், நகருடா தடியா, இது ஒரு ஆளு நிக்கற இடம்!"

"நான்தான் சித்தி முதல்ல வந்தேன்!"

"முதல்ல வந்தா பட்டா போட்டுக் குடுத்தாங்களா?"

கறையிலிருந்து ஓர் எறும்பு பறந்து வந்து வாய்க்குள் விழுந்தது. சித்தியின் எறும்பு அது. எறிந்தவர் மாப்பிள்ளை. அவர் ஆறு வாரத்துக்குப் பிறகு முதன்முறையாக, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். துணி சுற்றிய பெருவிரல் பொத்தானின் மேலேயே இருந்தது. தொட்டியின் வாடையைவிட அச்சிரிப்பு எனக்கு அதிகம் குமட்டியது. அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை ஆகையால் வெளியே வந்தேன்.

மூடியின் ஒரு முனையைப் பிடித்துப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டாம் முறையும் அசையவில்லை. யாரையும் அழைக்க வாய் எழாமல், கரண்டியை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றேன். உள்ளே ஏப்பச் சத்தம் இன்னும் இரண்டு முறை கேட்டது. பிறகு செருப்புச் சத்தம் வந்தது.

மாப்பிள்ளை மூக்கையும் வாயையும் தோள்துணியால் இறுகக் கட்டியிருந்தார். எதிர்முனையைப் பிடித்தார்.

"மூடி மட்டும்தான்," என்றார்.

தூக்கினோம். தூக்கி ஓரமாக வைத்ததும், அவர் கையைச் சுவரில் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் உள்ளே போனார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கரண்டியை இறக்கினேன்.